தபூ என்ற சொல்லும் மச்சாள் வீட்டு வேப்பங்குழையும்

காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் வந்த மனிதர் சொற்களைப் பற்றி எதற்கு விசாரிக்க வேண்டும்? அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது உறுத்தத் தொடங்கிவிட்டது. யுத்த காலத்தில் மட்டக்களப்பில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். யார் எதைக் கேட்டாலும், கேள்வி அவருடையது அல்ல, வேறு யாரோ கேட்கச் சொல்லி அனுப்பியது என்றுதான் நாங்கள் முதலில் நினைப்போம். அனுப்பியவர் யார் என்பதுதான் எங்கள் கவலையாக இருக்கும்.

அவர் ஆண் தாதி. எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்போம். ஆறடி உயரமும் செம்பட்டைத் தாடியுமாக நின்ற ஒருவரை மிஸி என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. ஆகவே ஊர் அவரை டொக்டர் ஆக்கிவிட்டது. நான் டொக்டர் இல்லை என்று சில நாள் மறுத்துப் பார்த்தார். பிறகு அவரும் அலுத்துப் போனார்.

எனக்கு அப்போது முப்பது வயதாகவில்லை. ஆரையம்பதியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் குடும்பம் குடும்பமாக இடம்பெயர்ந்து போனதும் அந்தப் பிழைப்பு நின்றது. அந்த நேரத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. வாரத்தில் சில நாள் வாவியைக் கடந்து மறுகரையான படுவான்கரைக்குப் போவோம். அங்குள்ள கிராமங்களில் மர நிழலில் மேசை போட்டு அவர் நோயாளரைப் பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று, அவர்கள் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை அவர்களுக்கும் சொல்வேன்.

வாவியின் இந்தக் கரை ஆமியிடம் இருந்தது. அந்தக் கரை இயக்கத்திடம் இருந்தது. இந்த இரண்டு பெயரையும் நாங்கள் வாயால் சொல்லமாட்டோம். இந்தக் கரையில் நிற்கும்போது ஆமி 'இவங்கள்', இயக்கம் 'அவங்கள்'. தண்ணீரைக் கடந்து அந்தக் கரையில் காலை வைத்தால் அதே ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள். ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. குழந்தைகள்கூடத் தடுமாறாமல் மாற்றிச் சொல்லும்.

இரண்டு படகுகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவையில்தான் கடப்போம். அதை நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறுமுன் காவலரணில் ஒரு சிப்பாய் மருந்துப் பெட்டிகளைக் கிளறிவிட்டு என்னைத் தனியே கூப்பிடுவான்.

"மாத்தயா என்ன கேக்கிறது, சனத்துக்கிட்ட?" மாத்தயா என்றது டொக்டரை.

அந்தக் கரையில் இறங்கினால், பின்னலை மடித்துக் கட்டிய ஒரு பெண்பிள்ளை துப்பாக்கியோடு துறையடியில் நிற்பாள். அவளும் என்னைத்தான் ஒதுக்குப்புறமாகக் கூப்பிடுவாள்.

"டொக்டர் என்னக்கா விசாரிக்கிறார், ஆக்களிட்ட?"

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "கிணத்துத் தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிக்கிறாங்களா எண்டு கேக்கிறார்." ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்கு நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எனக்கே அந்த மனிதரில் நம்பிக்கை இல்லையே.

ஒருநாள் பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் அம்மன் கோயில் துறையில் ஒரு கம்பு நாட்டி, அதில் மாவிலையும் வெள்ளைத் துணியும் கட்டியிருந்தார்கள். அது என்ன என்று கேட்டார். சடங்கு முடியும்வரை அந்த இடத்தில் யாரும் வலை வீசமாட்டார்கள் என்றேன்.

"தபூ!" என்றார். தொலைத்த பொருளைக் கண்டெடுத்த மாதிரி அவருக்கு அப்படி ஒரு சந்தோசம்.

அந்தச் சந்தோசம் எனக்குப் பிடிக்கவில்லை. சொல் எனக்குத் தெரிந்த சொல்தான். நான் படித்த ஆங்கிலத்திலும் அது உண்டு. பேசக்கூடாத விஷயம் என்று மாணவர்களுக்குப் பொருள் சொல்லியும் இருக்கிறேன். அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். பிரெஞ்சிலும் இப்போது அப்படித்தான், சாப்பாட்டு மேசையில் எடுக்கக் கூடாத பேச்சு என்ற அளவில் அந்தச் சொல் நிற்கிறது, ஆனால் அது பிறந்த வீட்டில் அப்படி இல்லை என்றார்.

இங்கே வருவதற்கு முன் பசிபிக் கடலில், பிரான்சு ஆளும் நியூ கலிடோனியாத் தீவில் அவர் பல காலம் வேலை செய்திருக்கிறார். அதைச் சுற்றியுள்ள தீவுகளுக்கும் போயிருக்கிறார். தொங்காத் தீவில் அந்தச் சொல் தபு. ஹவாயில் கபு. பிஜியில் எழுதுவது ஒரு மாதிரி, வாயில் வருவது தம்பு. இவை எல்லாவற்றுக்கும் தாயான பழைய மொழி ஒன்று இருந்தது, அதிலும் ஏறக்குறைய இதே சொல்தான் என்கிறார்கள். ஆங்கிலேய மாலுமிகள் தொங்காவில் அதைக் கேட்டுக் கப்பலில் கொண்டுபோனார்கள். அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வாங்கித் தபூ ஆக்கினார்கள். தீவுகளில் அது பேச்சைப் பற்றிய சொல் அல்ல, காலைப் பற்றியது, கையைப் பற்றியது என்றார். ஒரு தென்னையில் ஓலை முடிந்து கட்டினால் ஒருவரும் காய் பறிக்கமாட்டார். நடக்கும் வழியில் புல் சுற்றிய கம்பை நட்டால் அதற்கப்பால் யாரும் போகமாட்டார். அது தெய்வத்துக்கு உரியது என்பதும் தொடக்கூடாது என்பதும் அவர்களுக்கு ஒரே சொல்.

"எங்கட கட்டுமரத்தையும் கொண்டுபோய் அந்தத் தீவுக்காரரின் இரட்டைப் படகுக்குப் பேராக வைத்தவர்கள்தானே நீங்கள்?" என்று நான் மடக்கினேன். அவர் காலுக்குக் கீழிருந்த மிதவையைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே, இந்த மனிதர் இதையெல்லாம் யாருக்காகச் சேர்க்கிறார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படுவான்கரையில் எனக்கு ஒரு மச்சாள் இருந்தாள். என் மாமியின் மகள், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளுடைய புருசன் ஒரு காலையில் சந்தைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பதினாறு பதினேழு வயதில் ஒரு மகள் மட்டும் மிஞ்சினாள். அந்த நாட்களில் வீட்டுக்கு ஓராள் தரவேண்டும் என்று இயக்கத்திலிருந்து கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒரே பிள்ளை என்றால் விட்டுவிடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஒரே பிள்ளையைக் கொடுத்த வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன்.

ஒருமுறை போனபோது மச்சாள் வீட்டு வாசலில் இலையும் காம்புமாக வேப்பங்குழை தொங்கியது. மகளுக்கு அம்மாள் வருத்தம், கொப்புளிப்பான் போட்டிருக்கிறது என்று மச்சாள் வேலிக்கு உள்ளே நின்று சொன்னாள். அம்மை நோயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். குழை கட்டிய வீட்டுக்குள் போகக்கூடாது. நானும் வெளியே நின்று கதைத்துவிட்டு வந்தேன்.

பிரெஞ்சுக்காரர் அன்று என்னை விடவில்லை. குழை எதற்கு, எத்தனை நாளைக்கு, யார் போகலாம், யார் போகக்கூடாது என்று துருவினார். அம்மன் வீட்டுக்குள் வந்திருக்கிறா, அவ தானாகப் போகும்வரை வெளியார் காலடி படக்கூடாது என்றேன். அந்த வீட்டில் மீன் சமைக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, முக்கியமாகத் தாளிக்கக் கூடாது, தாளித்த வாசம் அம்மாளுக்கு ஆகாது. மூன்று தரம் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வார்த்த பிறகுதான் குழையை அவிழ்ப்பார்கள். இத்தனையும் சொன்னேன். அவர் கண்ணை விரித்துக் கேட்டார். சில தீவுகளிலும் தண்ணீர் தெளித்துத்தான் தபுவை நீக்குவார்களாம். நீங்கிய பிறகு அந்த இடம் நோவா. நோவா என்றால் சும்மா இருப்பது, யாரும் வந்து போகலாம், அவ்வளவுதான்.

போகும்போதெல்லாம் அந்த வாசலைப் பார்ப்பேன். குழை கிடந்தது. வாடியிருக்க வேண்டிய குழை பச்சையாகக் கிடந்தது. அடுத்த முறையும் பச்சை. மூன்றாம் தண்ணீர் வார்த்து முடிந்திருக்க வேண்டிய காலம் கடந்தும் யாரோ புதுக்குழை ஒடித்துக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் பயமாக இருந்தது. ஆள் கேட்டு வருகிறவர்களும் அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகள்தான். அவர்களுக்கும் ஒரு காலத்தில் தாய்மார் வேப்பிலைத் தண்ணீர் வார்த்திருப்பார்கள். துப்பாக்கியோடு வந்தாலும் குழையைக் கண்டால் வாசலில் நின்றுவிடுவார்கள் என்று மச்சாள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்குப் பிழைக்கவில்லை. அதுவரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

பிறகு ஒருநாள் மச்சாள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையால் நடக்கும்போது வாசம் வந்தது. தேங்காயெண்ணெயில் கடுகும் வெங்காயமும் கறிவேப்பிலையும் வெடிக்கிற வாசம். கூடவே இறால். அம்மாள் வருத்தம் கிடக்கிற வீட்டில் தாளிதமா? எத்தனை நாளைக்குத்தான் வெறும் கஞ்சி குடிப்பது என்று பிள்ளை அழுதிருப்பாள், தாய் மனம் பொறுக்காமல் சட்டியை வைத்திருப்பாள். ஆனால் இந்த வாசம் வேலிக்குள் நிற்காதே. முன் வீட்டுப் பெண் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் மூக்குக்கும் அது போயிருக்கும். அவள் தலை நிமிராமல் கூட்டிக்கொண்டே இருந்தாள். ஊர் முழுக்க வாசம் பிடித்திருக்கிறது, ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தீவுக்காரரின் தபு வாசலில் தொங்கியது. பிரெஞ்சுக்காரரின் தபூ ஒழுங்கை முழுக்க இருந்தது.

யாரை நம்புவது? முன் வீட்டுக்காரி எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பாள்? பிரெஞ்சுக்காரருக்கோ தாளிக்கக் கூடாது என்ற விஷயத்தை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கும் மூக்கு இருக்கிறது. இரவெல்லாம் எனக்கு இதே யோசனை.

பயந்தது போலவே நடந்தது. ஒரு காலை பாதையால் இறங்கியதும் துறையடிப் பெண்பிள்ளை எங்களை மறித்தாள். இந்தமுறை என்னைத் தனியே கூப்பிடவில்லை.

"அக்கா, ஒரு வீட்டில கனநாளாக் கொப்புளிப்பான் எண்டு குழை கட்டிக் கிடக்கி. டொக்டர் போய்ப் பாத்தா நல்லம்தானே? நானும் வாறன்."

அவர்கள் குழையைத் தாண்டமாட்டார்கள், அதனால் தாண்டக்கூடிய ஒரு வெள்ளைக்காரரை அனுப்பப் பார்க்கிறார்கள். இந்த யோசனையை யார் கொடுத்தது? என் சந்தேகம் நேரே அவரிடம்தான் போனது. குழையைப் பற்றிய கேள்விகள், தண்ணீரைப் பற்றிய கேள்விகள், எல்லாம் இதற்குத்தானா? அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். கொப்புளிப்பான் இவ்வளவு நாள் நீடிக்காது, வேறு ஏதாவது நோயாக இருந்தால் ஆபத்து, கட்டாயம் பார்க்க வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டார். அவர் சொன்னது ஒரு நல்ல தாதி சொல்லக்கூடியதுதான். எனக்கு அவரை வாவியில் தள்ளிவிட்டால் என்ன என்றிருந்தது.

மூன்று பேரும் நடந்தோம். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே வாசம் வந்துவிட்டது. அன்றைக்கும் தாளிதம். அட பாவி மச்சாள், இன்றைக்குமா என்று மனதுக்குள் திட்டினேன். வேலியடியில் சத்தம் கேட்டு மச்சாள் வெளியே வந்தாள். துப்பாக்கியைக் கண்டாள், வெள்ளைக்காரரைக் கண்டாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று அந்தப் பார்வை சொன்னது. இன்றுவரை அதை நான் மறக்கவில்லை.

"மகள் எப்பிடி இரிக்கா மச்சாள்?" என்று கேட்டேன்.

"கிடக்கா மச்சாள். அம்மாள் இன்னும் இறங்கல்ல."

பிரெஞ்சுக்காரர் வாசலுக்கு ஒரு முழத்துக்கு இப்பால் நின்றார். குழையைப் பார்த்தார். அது விடிய ஒடித்த குழை, காம்பில் ஈரம் இருந்தது. பிறகு மூக்கை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். அடுப்படியில் எண்ணெய் சடசடவென்றது எங்கள் நான்கு பேருக்கும் கேட்டது. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், அந்தப் பிள்ளை குத்துக்கல்லாட்டம் அடுப்படியில் இருப்பதைக் காணலாம்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். பையை நிலத்தில் வைத்தார்.

"நான் போகமுடியாது," என்றார் ஆங்கிலத்தில். "அவளிடம் சொல்லு. இது தபு."

தபூ என்று பிரெஞ்சு மாதிரிச் சொல்லவில்லை. தீவுக்காரர் சொல்லும் தபு.

துப்பாக்கிக்காரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் தமிழில் நீளமாகச் சொன்னேன். "அவரெண்டாலும் அம்மாள் கிடக்கிற வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டாராம். அவர் முன்னம் இருந்த ஊரிலயும் இப்பிடிக் கட்டினா ஒருத்தரும் தாண்டமாட்டாங்களாம். சில பேருக்குக் கொப்புளிப்பான் திருப்பித் திருப்பிப் போடுமாம். மூண்டாந் தண்ணி வாத்த பிறகு வந்து பாக்கிறாராம்." இதில் பாதி அவர் சொல்லாதது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் நீட்டிய நீட்டில் என்ன நடக்கிறது என்று விளங்கியிருக்கும். பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லி முடித்தவர் போலத் தலையை ஆட்டினார்.

பெண்பிள்ளை வாசலைப் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பினாள். நாங்களும் பின்னால் போனோம். பிரெஞ்சுக்காரர் நீண்ட கால்களால் முன்னே போய்விட்டார். அவள் நடையைக் குறைத்து என் பக்கத்தில் வந்தாள். இனித்தான் கேள்வி வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அக்கா," என்றாள், நிலத்தைப் பார்த்தபடி. "அம்மாள் வருத்த வீட்டில தாளிக்கப்படாது எண்டு அந்த அம்மாட்டச் சொல்லுங்க."

எனக்கு நடை நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை, ஆகவே நானும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன். எனக்குப் பிறகு வேற ஆக்கள் வருவாங்க. அவங்களுக்கும் மணக்கும்." ஒழுங்கை முனையில் துறைப் பக்கம் திரும்பினாள். "எங்கட வீட்டில ஒருத்தரும் குழை கட்டல்ல, அக்கா."

துறையடி வந்துவிட்டது. அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்று, எங்களைத் தெரியாதவள் மாதிரி வாவியைப் பார்த்தாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று அன்றுதான் கண்டேன். எத்தனை தடவை அவள் முன்னால் நின்றிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததே இல்லை.

பாதையில் பிரெஞ்சுக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாகித்தித் தீவில் ஒரு தலைவர் பட்டப்பெயர் எடுத்தால், அந்தப் பெயரில் உள்ள சாதாரணச் சொற்களைச் சனங்கள் பேசுவதை விட்டுவிடுவார்களாம். இரவு என்ற சொல்லே அப்படி மாறிப்போனதாம். அதை மட்டும் சொல்லிவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவங்கள், அவங்கள் என்பதை நினைத்துக்கொண்டேன். அவரை நான் அதன்பிறகு சந்தேகிக்கவில்லை என்று சொன்னால் பொய். குறைவாகச் சந்தேகித்தேன்.

துறையடிப் பெண்பிள்ளை சொன்னதை அடுத்த வாரம் மச்சாளிடம் போய்ச் சொன்னேன். அவள் முதலில் என்னை நம்பவில்லை. நான் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று முகத்தைத் துருவினாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு குந்தி அழுதாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டி காயவில்லை. ஆள் கேட்டு வருவது ஓயும்வரை தாயும் மகளும் கஞ்சியும் அவித்த கிழங்கும் தின்றார்கள். மகள் இன்று மூன்று பிள்ளைகளின் தாய். இறால் என்றால் உயிரை விடுவாள்.

அழுது முடித்த மச்சாள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு எந்த ஊராம்?"

"கேக்கல்ல மச்சாள்."

மச்சாள் எழும்பி, வாசலில் கட்டியிருந்த குழையில் ஒரு கொத்தை ஒடித்தாள். "துறையில அதக் கண்டா இதக் குடு. அதுட தாய்ட கையால எண்டு நினைச்சிக் குடு."

கொத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு துறைக்கு வந்தேன். அங்கே வேறொரு பெண்பிள்ளை நின்றாள். அவளும் பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள், துப்பாக்கியும் அதே தோளில் இருந்தது. காலையில் இறங்கும்போதும் இவள்தான் நின்றிருப்பாள். நான்தான் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைப்பில் பச்சை தெரிவதைக் கண்டுவிட்டாள்.

"வீட்டில அம்மாளா அக்கா?"

"ஓம்," என்றேன்.

அவள் உடனே இரண்டு அடி விலகி எனக்கு வழி விட்டாள். முன்னம் நின்றவள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்கள்.